காமு சமைத்த பிறந்தநாள் விருந்து

தெற்குக் கல்கத்தாவில் திவசச் சமையலுக்கு ஆள் வேண்டுமென்றால் காமுவைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். சீமந்தத்துக்கோ பூணூலுக்கோ கிரகப்பிரவேசத்துக்கோ கூப்பிட மாட்டார்கள். முப்பத்தொரு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. இன்றைக்கு இதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாள்கூட வெட்கப்படவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் என்னை நல்லவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

என் பெயர் வெங்கடநாராயணன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. திவச வீடுகளில் இறந்துபோனவரின் சார்பாக இலையில் உட்கார்ந்து சாப்பிட பிராம்மணர்கள் வேண்டும். இந்த ஊரில் அதற்கு ஆள் பஞ்சம். சடங்கு செய்துவைக்கிற வாத்தியார் ஃபோன் செய்தால் குளித்துவிட்டுப் போய் உட்காருவேன். காமுவின் சமையலை என்னைவிட அதிகமாகச் சாப்பிட்டவன் உயிரோடு இல்லை.

அந்தச் சாப்பாட்டுக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. மிளகாய், பெருங்காயம், துவரம் பருப்பு எதுவும் சேர்க்கக் கூடாது; காரத்துக்கு மிளகுதான். சமைக்கிறவள் ஈரப் புடவையோடு மடியாக நின்று சமைக்க வேண்டும், ருசி பார்க்கக் கூடாது. மீந்ததை அந்த வீட்டுப் பங்காளிகள்தான் சாப்பிடலாம், சமைத்தவளுக்குக் கிடையாது. இலையில் உட்கார்ந்தவர்கள் நன்றாயிருக்கிறது என்றோ இல்லை என்றோ வாயைத் திறக்கக் கூடாது. வேண்டுமானால் கையைக் காட்டலாம், போதுமென்றால் இலையைக் கையால் மறைக்கலாம், அவ்வளவுதான். ஒவ்வொரு சட்டத்துக்கும் வாத்தியார் ஒரு காரணம் சொல்லுவார். எல்லாம் சேர்ந்து வந்து விடிந்தது காமுவின் தலையில். தன் கைச் சமையல் எப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரியாது.

காமு மாயவரம் பக்கத்துப் பெண். இருபத்திரண்டு வயதில் கல்யாணமாகி இங்கே வந்தாள். அவள் புருஷன் லேக் மார்க்கெட்டில் ஒரு மெஸ்ஸில் சமையற்காரன், நல்ல கைக்காரன். ஐந்தாவது வருஷம் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தான். அப்போது மெஸ் முதலாளி வீட்டில் ஒரு திவசம், வழக்கமாக வருகிற அம்மாளுக்குக் காய்ச்சல், காமுவைக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு ஒட்டிக்கொண்டது அப்படியே நின்றுவிட்டது. கணவனை இழந்தவள், அதோடு திவசச் சமையல்காரி. அவளை யார் கல்யாண வீட்டு அடுப்படியில் விடுவார்கள்? காளிகாட்டில் ஒரு சந்துக்குள் ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். கடைத்தெருவில் எதிரே வந்தால் பாதி மாமிகள் சட்டென்று காய்க்கூடைகள் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். நான் எதிர்ப்புற நடைபாதைக்குப் போய்விடுவேன்.

ஒரு தடவை, பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும், சாப்பிட்டு முடித்துப் படியிறங்கும்போது காமு பின்னாலேயே வந்து, அண்ணா, பிரண்டைத் துவையல் என்று ஏதோ கேட்க ஆரம்பித்தாள். நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு இறங்கிப் போனேன். ஏதோ பெரிய தர்மத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமை வேறு எனக்கு.

இப்போது ப்ரியாவுக்கு வருகிறேன். என்னோடு வங்கியில் இருந்த லக்ஷ்மிநாராயணனின் ஒரே பெண். பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். தமிழ் அரைகுறையாகப் பேசுவாள், படிக்கத் தெரியாது. செக்டர் ஃபைவில் ஒரு ஐ.டி. கம்பெனியில் பெரிய உத்தியோகம். சனி ஞாயிறுகளில் சால்ட் லேக்கில் இருக்கும் தன் வீட்டில் பழைய காலத்து விருந்து என்று ஒன்று நடத்துவாள். நூறு வருஷத்துக்கு முந்தைய வங்காள ஜமீன் சாப்பாடு, வெள்ளைக்காரன் கிளப் சாப்பாடு, இப்படி மாதம் ஒரு வேஷம். இருபது இருபத்தைந்து பேர் வந்து சாப்பிடுவதைவிட அதிகமாகப் படமெடுத்துக்கொண்டு போவார்கள். அம்மா விஜயலக்ஷ்மி நாலு வருஷம் முன்னால் தவறிப்போனாள். அப்பாவுக்கு எழுபத்தைந்தாவது பிறந்தநாள் வந்தது. அம்மா எழுதி வைத்த சமையல் நோட்டு கையில் கிடைத்தது. சொல்ல வேண்டுமா?

எனக்கு ஃபோன் செய்தாள். வெங்காயம், பூண்டு இல்லாமல் அந்தக் காலத்து மாதிரி சமைக்க யாராவது தெரியுமா என்று கேட்டாள். யோசிக்காமல் காமுவின் பெயரைச் சொன்னேன். அவள் அதோடு விடவில்லை. நானும் பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு, பட்டை பட்டையாக விபூதி பூசிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார வேண்டுமாம். அங்கிள், நீங்கள் பார்க்கவே அவ்வளவு ஆத்தென்டிக் என்றாள். அலங்காரத்துக்கு வைக்கிற பித்தளை அண்டாவும் நானும் ஒன்று. அப்போதே ஃபோனை வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காமு என் வீட்டு வாசலுக்கு வந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் என் வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. ஐம்பத்தெட்டு வயதுப் பெண்ணின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. பிறந்தநாளுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், நீங்கள்தான் சொன்னீர்களாம் என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். பிறகு ஃபோனை எடுத்துக் காட்டினாள். சமையல் பட்டியல் என்று ப்ரியா அனுப்பிய படம் அதில் இருந்தது. விஜயலக்ஷ்மியின் குண்டு குண்டான எழுத்து.

மேலே பங்குனி கிருஷ்ண சப்தமி என்று எழுதியிருந்தது. கீழே வாழைக்காய்க் கறி, பாகற்காய்க் கறி, பிரண்டைத் துவையல், பயத்தம் பருப்பு, மோர்க்குழம்பு, மிளகு ரசம், உளுந்து வடை, அதிரசம், எள்ளுருண்டை, திரட்டிப்பால். ஒவ்வொன்றுக்கும் இத்தனை பேருக்கு இவ்வளவு என்று அளவு. படித்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்தது. பங்குனித் தேய்பிறை ஏழாம் நாள், லக்ஷ்மிநாராயணனுடைய அம்மாவின் திதி அது. அந்தத் திவசத்துக்கு நானே அவன் வீட்டில் எத்தனையோ தடவை இலையில் உட்கார்ந்திருக்கிறேன்.

நோட்டில் முழுச் சமையலாக இருந்தது அந்த ஒரு பக்கம்தானாம். அது நியாயம்தான். சாம்பாருக்கும் பொரியலுக்கும் எந்த மாமி அளவு எழுதி வைக்கிறாள்? வருஷத்துக்கு ஒரு நாள், தப்பு வரக் கூடாத நாள், அதற்குத்தான் எழுதி வைப்பார்கள். ப்ரியா அந்தப் பக்கத்தை ஃபோனில் காட்டி ஆங்கிலத்தில் மாற்றிப் படித்திருக்கிறாள். கல்கத்தாவில் வளர்ந்த பெண்ணுக்குச் சப்தமி என்றால் துர்கா பூஜை, புதுத் துணி, பந்தல், கூட்டம். ஏதோ கிருஷ்ணனுக்கு நடக்கிற பெரிய பண்டிகைச் சாப்பாடு என்று முடிவு கட்டிவிட்டாள். சொந்தப் பாட்டி செத்த நாளில் வருஷா வருஷம் அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. அந்த நாட்களில் அவள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாள். திரும்பி வந்ததும் அதிரசம் தின்றிருப்பாள்.

உயிரோடு இருக்கிற மனுஷனுடைய பிறந்தநாளுக்குத் திவசச் சாப்பாடு, அதுவும் ராத்திரியில். காமுவுக்கும் அது தெரிந்திருந்தது. பட்டியலை மாற்றச் சொல்லி நீங்கள் சொன்னால் அந்தப் பெண் கேட்கும் அண்ணா என்றாள். சொல்லவேண்டியவன் நான்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? சமைக்கிறவள் நீ, நீ சொல்லுவதுதான் முறை, வேண்டுமானால் துணைக்கு வருகிறேன் என்றேன்.

மறுநாள் இரண்டு பேரும் பஸ் பிடித்து சால்ட் லேக் போனோம். வீட்டுக்குள் நுழைந்ததுமே எனக்கு அருவருப்பு தொடங்கிவிட்டது. கூடத்தில் வாடகைக்கு வந்த கிராமபோன் ஒன்று இருந்தது. அது ஓடாதாம், பாட்டு வேறு பெட்டியிலிருந்து வருமாம். சுவரில் கறுப்பு வெள்ளைப் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. தலைப்பாகை கட்டிய ஒரு கிழவரைக் காட்டி யாரம்மா இது என்று கேட்டேன். தெரியவில்லை அங்கிள், பழைய சாமான் கடையில் வாங்கினேன் என்றாள். யாரோ ஒருவருடைய தாத்தாவை விலைக்கு வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கிறாள். சாப்பாட்டுப் பட்டியல் அச்சான அட்டைகளைத் தேயிலைத் தண்ணீரில் முக்கிக் காயவைத்திருந்தாள், பழசாகத் தெரிவதற்கு. கிருஷ்ண சப்தமி விருந்து என்று மேலே ஆங்கிலத்தில் பொடி எழுத்து.

காமு சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். இது உன் பாட்டியோட திவசச் சமையல்மா, பிறந்தநாளுக்குப் போடப்படாது, நான் சாம்பார், அவியல், புளியோதரை, பால் பாயசம் எல்லாம் ஜமாய்ச்சுடறேன் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் கெஞ்சியது. ப்ரியா கண்ணை அகல விரித்தாள். வருத்தப்படப் போகிறாள் என்று நினைத்தேன்.

"மாஷி, இது இன்னும் சூப்பர். டெத் மெனு, யாருமே இதுவரைக்கும் பண்ணினது இல்ல. கார்டுல ஒரு லைன் சேர்த்துடறேன்."

மாஷி. இந்த ஊரில் வீட்டு வேலைக்கு வருகிறவர்களைக் கூப்பிடுகிற சொல். என்னை அங்கிள் என்பவள், தன் அம்மாவின் வயதையொத்த தமிழ்ப் பெண்ணை மாமி என்று அழைக்கவில்லை. அப்பா இதெல்லாம் நம்ப மாட்டார், அவருக்கு சர்ப்ரைஸ், யாரும் சொல்லிவிட வேண்டாம் என்றும் சொன்னாள். நான் அவள் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். தொண்டையில் கசந்தது. அப்படியும் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

வெளியே வந்ததும் கோபத்தை யாரிடமாவது காட்ட வேண்டுமே, காமுவிடம் காட்டினேன். முடியாது என்று சொல்லிவிடு, இந்தக் கூத்துக்குப் போகாதே என்றேன். அவள் பஸ் ஸ்டாப்பில் நின்று பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

"நான் மாட்டேன்னா வேற யாரையாவது வெச்சு எப்படியாவது பண்ணிடுவா அண்ணா. இன்னொண்ணு. வரப்போறவாளுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது. தெரியாதவா வாயைத் திறந்து சொல்லுவாளோல்லியோ? எப்படி இருக்குன்னு ஒருத்தராவது சொல்லுவா. அதைக் கேட்டுட்டுப் போயிடறேனே."

லக்ஷ்மிநாராயண மாமா இலையில் மட்டும் இதைப் போட மாட்டேன், அவருக்குச் சாம்பாரும் பாயசமும் தனியாக ஒரு அடுப்பில் பண்ணிவிடுவேன் என்று தானாகவே சொன்னாள். அவ்வளவு தூரம் யோசித்து வைத்திருந்தாள்.

விருந்து நாளும் வந்தது. ஏழரை மணிக்கு இருபத்துநாலு பேர் கூடியிருந்தார்கள். பாதிப் பேர் ப்ரியாவின் ஆபீஸ்காரர்கள். பெண்கள் மடிசார் என்று எதையோ சுற்றிக்கொண்டு ஊக்கு மேல் ஊக்காகக் குத்தியிருந்தார்கள். ஒருத்திக்குக் கீழே ஜீன்ஸ் எட்டிப் பார்த்தது. ஒருவன் ஒட்டுக் குடுமி வைத்திருந்தான். என்னைச் சுற்றி நின்று ஏழெட்டுப் பேர் படமெடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் என் பூணூலைத் தொட்டுப் பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது, ஆனாலும் படத்துக்குச் சிரித்தேன்.

லக்ஷ்மிநாராயணனை ஒரு வாடகை சாய்வு நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். போன வருஷம் இதயத்தில் அறுவைச் சிகிச்சை ஆனதிலிருந்து பாதியாக இளைத்துவிட்டான். இலை போட்டதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

காமு பரிமாறினாள். புதுப் புடவை கட்டியிருந்தாள், மாம்பழ நிறம். நான் அவளை ஈரப் புடவையில்தான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு இலையிலும் போட்டுவிட்டு அரை விநாடி நின்று முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தாள். அவள் எதற்கு நிற்கிறாள் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

சாப்பாட்டின் ருசியைப் பற்றி ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. பேச்சுக்குக் குறைவில்லை, ஐடியா பிரமாதம், லைட்டிங் பிரமாதம், செத்தவர்களுக்குப் போடுகிற சாப்பாடாமே என்று அட்டையைப் படித்துப் படித்து உச்சுக்கொட்டினார்கள். பாகற்காயைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு இலை ஓரத்தில் துப்பினான் ஒருவன். ஒருத்தி திரட்டிப்பாலில் விரலை விட்டு விரலைப் படமெடுத்தாள். எதிர் வரிசையில் ஒருத்தர் இதற்குப் பிறகு வருகிற மெயின் கோர்ஸ் மீன்தானா என்று வங்காள மொழியில் கேட்டார். எல்லா இலையிலும் சாப்பாடு ஆறிக் கிடந்தது. திவச வீட்டில் காக்காய்கூட இதைவிட மரியாதையாகச் சாப்பிடும். காமு இரண்டாம் தடவை வாழைக்காய்க் கறியோடு வந்தபோது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

லக்ஷ்மிநாராயணன் தன் இலையைப் பார்த்தான், என் இலையைப் பார்த்தான். பிறகு அட்டையை எடுத்துக் கண்ணாடிக்குக் கிட்டே வைத்துப் படித்தான். மேல் வரியில் விரலை வைத்து இன்னொரு தடவை படித்தான். எனக்குத் தெரியும், அந்தத் திதியை அவன் மறந்திருக்க முடியாது.

எனக்கு மட்டும் ஏன் சாம்பார் என்று காமுவைக் கேட்டான். அவள் குனிந்து தணிந்த குரலில், பிறந்தநாளும் அதுவுமா உங்களுக்கு அது வேண்டாம் மாமா என்றாள்.

"எனக்கப்பறம் இதை யாரு பண்ணப் போறா, காமு? பெத்த பொண்ணுக்கு இது என்னன்னே தெரியல. இருக்கறச்சயே சாப்பிட்டுடறேன். இந்த இலையை எடுத்துட்டு வேற போடு."

ப்ரியா அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அப்பா, டோன்ட் பி சோ மார்பிட், சும்மா சாவைப் பத்திப் பேசாதே என்று சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் எவ்வளவு ஸ்வீட் என்றார்கள். எனக்கு இலையைச் சுருட்டி அவர்கள் மேல் எறிய வேண்டும் போல இருந்தது. காமு நகரவில்லை. பிறகு என்ன நினைத்தாளோ, உள்ளே போய் வேறு இலை கொண்டுவந்து போட்டாள், எல்லாவற்றையும் முறையாக ஒவ்வொன்றாகப் பரிமாறினாள். லக்ஷ்மிநாராயணன் நிமிரவே இல்லை. பாகற்காயை விடவில்லை, பிரண்டையை விடவில்லை. ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தான். எள்ளுருண்டையைக் கடைவாயில் போட்டு வெகுநேரம் மென்றான். அந்தக் கூடத்தில் ஒரு மனுஷன் சாப்பிட்டான் என்றால் அவன் ஒருவன்தான். நான்கூட அதுவரை கொறித்துக்கொண்டுதான் இருந்தேன்.

இலை காலியானதும் ப்ரியா ஃபோனை நீட்டிக்கொண்டு, எப்படி இருக்கு அப்பா, சொல்லு என்றாள். எனக்கு இத்தனை வருஷப் பழக்கம். இந்தச் சாப்பாட்டை அப்படிச் சொல்லக் கூடாதும்மா என்று குறுக்கே விழுந்தேன். அன்று மாலை முழுவதும் நான் வாய் திறந்து ஆட்சேபித்தது அந்த ஒன்றுக்குத்தான்.

லக்ஷ்மிநாராயணன் என் பக்கம் திரும்பினான்.

"சொல்லப்படாதுங்கறது உனக்குடா வெங்கு. நீ இன்னொருத்தனுக்காக ஒக்காந்து சாப்பிடறவன். இது எனக்கே போட்ட இலை. எனக்குப் போட்டதை நான் சொல்லலாம், எவனும் கேக்க முடியாது."

பிறகு காமுவைப் பார்த்தான். ஃபோனைப் பார்க்கவில்லை. ரசம் தொண்டைக்கு இதமாக இருந்தது என்றான். பிரண்டைத் துவையல் நாக்கில் கொஞ்சம்கூட அரிக்கவில்லை, விஜயலக்ஷ்மி பண்ணினால் சில சமயம் அரிக்கும் என்றான். மோர்க்குழம்பை இன்னொரு கரண்டி கேட்டிருப்பேன், டாக்டருக்குப் பயந்து விட்டேன் என்றான். ஒவ்வொன்றாக, பரிமாறிய வரிசையில், எதையும் விடாமல் சொன்னான்.

"எள்ளுருண்டைதான் கெட்டி. பாகை ஒரு நிமிஷம் முன்னாடி எறக்கிடு."

காமு கையிலிருந்த தூக்கைக் கீழே வைத்தாள். முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். அழுதாளா, வியர்வையா, எனக்குத் தெரியவில்லை. சரி மாமா, ஒரு நிமிஷம் முன்னாடி எறக்கிடறேன் என்றாள். ப்ரியா அதையும் படமெடுத்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் கிராமபோனைச் சுற்றிக் கூடினார்கள். நான் கை கழுவச் சமையலறைப் பக்கம் போனேன். காமு குழாயடியில் நின்று, மீந்திருந்த எள்ளுருண்டை ஒன்றை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை.

எள்ளுருண்டை எப்போதுமே கெட்டியாகத்தான் இருந்ததா அண்ணா என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். என் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்ததே ஒரு ஆவணி மாதத்தில், அவள் எள்ளுருண்டையில்தான். ஆமாம் என்றேன். திவசத்தில் பேசக் கூடாதே காமு, உனக்குத் தெரியாததா என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவள் அந்த உருண்டையைப் பாத்திரத்தில் திரும்ப வைத்து மூடினாள்.

"அன்னிக்குச் சொல்லப்படாது, சரி. மறுநாள் சொல்லியிருக்கலாமே."